முதல் பெண் துணைவேந்தர்: பெருமை யாருக்கு?

மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றிற்குப் பெண் துணைவேந்தர் நியமிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒன்றிய ஆட்சியாளர்கள் அதைத் தங்கள் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஜாமியா மில்லியாவுக்கு 2019இல் முதல் பெண் துணைவேந்தர். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திற்கு 2022இல். 1920இல் பல்கலைக்கழகமான அலிகருக்கு 2024இல். 1922இல் பிறந்த டெல்லிப் பல்கலைக்கழகத்திற்கோ இன்னும் ஒருவரும் வாய்க்கவில்லை. பரோடா பல்கலைக்கழகத்தில் ஹன்சா மேத்தா துணைவேந்தரானது 1949இல். முக்கால் நூற்றாண்டுத் தாமதத்தைச் சாதனை என்று விற்கத் தனித் துணிச்சல்தான் வேண்டும்.

பெண்கள் படிக்க வருவதில்லை என்ற பழைய சாக்கு இனிச் செல்லாது. ஒன்றிய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி பெண்களின் சேர்க்கை விகிதம் 28.5, ஆண்களுடையது 28.3. ஆசிரியர்களில் 43 விழுக்காட்டினர் பெண்கள். ஆனால் பேராசிரியர் நிலையில் அவர்கள் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இடையில் நிகழ்வது என்ன? தன்னம்பிக்கைக் குறைவு, குடும்பப் பொறுப்பு என்று கருத்தரங்குகளில் விடை சொல்கிறார்கள்; தலைமைப் பண்புப் பயிற்சி முகாம்களும் நடத்துகிறார்கள். விதிப்புத்தகத்தைத் திறந்து கணக்குப் போட்டிருந்தால் முகாம் செலவாவது மிஞ்சியிருக்கும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, முனைவர் பட்டத்துடன் உதவிப் பேராசிரியராகச் சேர்பவர் பணி உயர்வு வழியே பேராசிரியராகக் குறைந்தது 15 ஆண்டுகள் ஆகும். துணைவேந்தர் பதவிக்குப் பேராசிரியராகவோ அதற்கிணையான கல்வி நிர்வாகப் பொறுப்பிலோ மேலும் 10 ஆண்டுகள் வேண்டும். நாற்பது வயதில் நிரந்தரப் பணி கிடைத்த பெண்ணுக்கு இந்தக் கணக்கு முடியும்போது வயது 65. அதுவே மத்தியப் பல்கலைக்கழக ஆசிரியரின் ஓய்வு வயது! நாற்பது வரை அவர் சும்மா இருந்தாரா? டெல்லிக் கல்லூரிகளில் நான்கு மாதத்திற்கொரு முறை புதுப்பிக்கப்படும் தற்காலிகப் பணியில் ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி பெறும் கௌரவ ஆசிரியரின் நிலை அதனினும் கீழானது.

பிள்ளைப்பேறு வரும் வயதும் இதுதான். மகப்பேறு விடுப்புக் கேட்ட தற்காலிக ஆசிரியை ஒருவருக்கு டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று பணி நீட்டிப்பை மறுத்தது. 2020 மே மாதத்தில் டெல்லி உயர்நீதிமன்றம் அம்முடிவை ரத்து செய்தது. அவர் வழக்காடினார்; வழக்காட வழியற்றோர் வாய்மூடி வெளியேறினர். ஆய்வு மாணவியருக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு என்பது நல்லதுதான். பட்டம் பெற்றபின் காத்திருப்பதோ நான்கு மாத வேலை.

இந்தப் படிகளைக் கடந்தவரையும் தேர்வுக் குழுவே தீர்மானிக்கிறது. 2025 ஜனவரியில் வெளியான வரைவு விதிகள் அக்குழுவை அமைக்கும் அதிகாரத்தை வேந்தரிடம், அதாவது மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆளுநரிடம், ஒப்படைக்க முனைந்தன. தொழில்துறை உயர் அலுவலர்களுக்கும் கதவு திறந்தன. பெண்கள் மிக அருகியுள்ள கார்ப்பரேட் மேல்மட்டத்திலிருந்து துணைவேந்தரைத் தேடினால் யார் கிடைப்பார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தலைமை நியமனத்தால் மட்டும் வருவதன்று. 2013 முதல் 2017 வரை டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கத் தலைவராக இருந்தவர் நந்திதா நாராயண். அவர் தலைமையில் சங்கம் எதிர்த்த நான்காண்டு இளநிலைப் படிப்புத் திட்டம் 2014 ஜூனில் திரும்பப் பெறப்பட்டது. துறையை அலகாக்கி இடஒதுக்கீட்டைச் சுருக்கிய 13 புள்ளிச் சுழற்சி முறையும் தெருப் போராட்டத்தால்தான் வீழ்ந்தது. 2019இல் சட்டமே வந்தது. தலித், பழங்குடிப் பெண்கள் ஆசிரியப் பணியில் நுழையும் வழி அதனால்தான் அடைபடவில்லை.

ஆனால் இதைச் சொல்லும் இடதுசாரி ஆசிரியர் சங்கங்கள் தங்கள் நிர்வாகிகள் பட்டியலையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நேர்மை. மாலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவு பத்துக்கு முடியும் செயற்குழுக் கூட்டத்திற்கு எந்தப் பெண் தோழர் வருவார்? தற்காலிகப் பணிக்காலம் முழுவதையும் பதவி உயர்வுக்குக் கணக்கிடுதல், வளாகந்தோறும் குழந்தைகள் காப்பகம், தேர்வுக் குழுக்களில் பாதி இடம் பெண்களுக்கு என்னும் கோரிக்கைகளை அடுத்த மாநாட்டுத் தீர்மானத்தில் எழுதும்போது, கூட்ட நேரத்தையும் அதே தாளில் மாற்றி எழுதலாம்.