மாப்பிள்ளை முகத்தில் கீறல்!

2000-க்கும் 2010-க்கும் நடுவே கல்யாணம் நடந்த வீடா உங்களுடையது? பீரோவைத் திறந்து பட்டுப்புடவைகளுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். நகைக்கடை ரசீது, பழைய பாலிசி பத்திரம் இவற்றோடு ஒரு பிளாஸ்டிக் டப்பா தட்டுப்படும். அட்டையில் ரோஜாவுக்குள் மாப்பிள்ளை, தாமரைக்குள் பெண். உள்ளே மூன்று தட்டுகள். ஒன்று ரிசப்ஷன், இரண்டு முகூர்த்தம், மூன்றாவதில் தம்பதி சுவிட்சர்லாந்து மேல் பறப்பார்கள். (இரண்டு பேரிடமும் பாஸ்போர்ட் கிடையாது!)

சிரிக்காதீர்கள். ஸ்டுடியோக்காரர் சினிமாப் பாட்டு சேர்க்க மறந்த பத்து செகண்டில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு "ரசத்துல உப்பு கம்மிடா" என்று ஒரு தாத்தா சொல்லியிருப்பார். தாத்தா இன்று இல்லை. அவர் குரல் உலகத்தில் இருப்பது அந்தப் பத்து செகண்டில் மட்டும்தான்.

அதைக் கம்ப்யூட்டரில் போடுகிறீர்கள். சுற்றுகிறது. நிற்கிறது. டக்... டக்... மறுபடி சுற்றுகிறது. கடைசியில் 'டிரைவில் டிஸ்க் இல்லை' என்று சாதிக்கிறது. வாசலில் நிற்கிற சம்பந்தியைப் பார்த்து "யாருமே வரலையே" என்பது மாதிரி.

பதறாதீர்கள். சந்தேகக் கேஸ்கள் மூன்றே பேர்: சாஃப்ட்வேர், டிரைவ், தட்டு. நாம் எல்லோரும் முதலில் தட்டைத்தான் வேட்டியில் தேய்ப்போம். விசாரணையை அங்கே ஆரம்பிக்கக் கூடாது. செலவில்லாத இடத்திலிருந்து வாருங்கள்.

சாஃப்ட்வேர்: டிரைவ் ஐகானைத் திறந்து பாருங்கள். உள்ளே ஃபோல்டர்கள் தெரிகின்றனவா? அப்படியானால் தட்டும் டிரைவும் அநேகமாக நிரபராதிகள். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோதே டிவிடி படம் ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் கழற்றிவிட்டது. அதனால் ஃபைல் தெரியும், படம் வராது. இதற்கு விஎல்சி பிளேயர் போதும். பிரான்ஸ் நாட்டுக் கல்லூரி மாணவர்கள் ஆரம்பித்து வைத்தது, காலணா செலவில்லை.

தட்டு விசிடி என்றால் 'எம்பிஇஜிஏவி' என்றொரு ஃபோல்டரும் அதற்குள் 'டிஏடி' என்று முடியும் பெரிய ஃபைலும் இருக்கும். டிவிடி என்றால் 'வீடியோ டிஎஸ்' ஃபோல்டர், அதில் 'விஓபி' ஃபைல்கள். நேராக அந்த ஃபைலையே விஎல்சியில் திறந்தால் தாலி கட்டிவிடுவார்கள்.

அமெரிக்காவிலிருந்து அத்தை பையன் வாங்கி வந்த ஒரிஜினல் சினிமா டிவிடி ஓடவில்லை என்றால் அது வேறு கதை. உலகத்தை ஏரியா ஏரியாவாகப் பங்கு போட்டு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு 1, நமக்கு 5. டிரைவின் நம்பரை மாற்றலாம், ஆனால் ஐந்தே தடவைதான். அப்புறம் பூட்டிக்கொள்ளும். கல்யாண டிவிடிக்கு இந்தத் தொல்லை இல்லை. நம் வீட்டுக் கல்யாணத்தை ஏரியா பிரித்து விற்க யாரும் முன்வரவில்லை.

டிரைவ்: நன்றாக ஓடும் வேறொரு தட்டைப் போடுங்கள். அதுவும் ஓடவில்லை என்றால் குற்றவாளி டிரைவ்தான். யுஎஸ்பி ஒயரில் மாட்டும் வெளி டிரைவாக இருந்தால் முதலில் கரண்ட்டைச் சந்தேகப்படுங்கள். ஒரு பிளக்கை நாலாகப் பிரிக்கும் ஹப்பில் செருகினால் தட்டைச் சுற்றவே சக்தி போதாது. கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகிப் பாருங்கள்.

அடுத்தது லென்ஸ். லேப்டாப் டிரைவில் தட்டத்தை வெளியே இழுத்தாலே கடுகளவு கண்ணாடிக் கண் தெரியும். வருஷக்கணக்கில் தூசி சேர்ந்திருக்கும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் தூசியே தேவலை.

கடையில் வாங்கிய படம் ஓடுகிறது, ஸ்டுடியோவில் போட்ட தட்டு மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். தொழிற்சாலைத் தட்டில் தகவல் எல்லாம் அச்சில் அழுத்திய குழிகள். ஸ்டுடியோ தட்டில் இருப்பது சாயம். லேசரால் சாயத்தைச் சுட்டு எழுதுகிறார்கள். அடிப்பக்கம் ஊதாவாகவோ பச்சையாகவோ தெரிந்தால் அது சாயத் தட்டு. அதிலிருந்து வெளிச்சம் குறைவாகத் திரும்புவதால் கண் மங்கிய கிழட்டு டிரைவுக்குப் படிக்க வராது. நண்பர் வீட்டு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று மறுத்த தட்டை இன்னொன்று மறுபேச்சில்லாமல் ஓட்டுவது சகஜம்.

தட்டு: இப்போது துடைக்கலாம். வட்டமாக அல்ல, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாக. காரணம் இருக்கிறது. தகவல் பாதை கொசுவர்த்திச் சுருள் மாதிரி உள்ளிருந்து வெளியே போகிறது. ஒரு சிடியில் அதை நீட்டிப் பிடித்தால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல்! வழியில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் அழிந்திருந்தாலும், அக்கம்பக்கத்துத் தகவலை வைத்துக் கணக்குப் போட்டு டிரைவ் நிரப்பிக்கொள்ளும். பாதையைக் குறுக்கே வெட்டும் கீறலை அதனால் தாண்டிவிடும். வட்டமாகத் துடைத்துப் பாதையோடு கூடவே ஓடும் கீறலைப் போட்டால் அவ்வளவுதான்.

பஞ்சு போன்ற பருத்தித் துணி, கொஞ்சம் தண்ணீர், தேவைப்பட்டால் ஒரு சொட்டு சோப்பு. இது போதும். டூத்பேஸ்ட் வைத்தியத்தைக் கடைசி ஆயுதமாக வையுங்கள். அது கீறலைத் தேய்த்து மழுப்பும், கூடவே புதுசாய் நாலு போடும்.

அடிப்பக்கத்துக்குக் காட்டும் மரியாதையை மேல்பக்கத்துக்கும் காட்டுங்கள். சிடி, விசிடியில் தகவல் இருப்பது மேல்பக்கம், பெயின்ட்டுக்கு நேர் கீழே. அங்கே விழும் கீறல்தான் ஆபத்து. அதனால், ஸ்டுடியோக்காரர் ஒட்டிய மாப்பிள்ளை-பெண் ஸ்டிக்கர் ஓரத்தில் கிளம்பியிருந்தாலும் உரிக்காதீர்கள். ஸ்டிக்கரோடு வெள்ளிப் பூச்சும் வரும், பூச்சோடு கல்யாணமும் போகும். நடு ஓட்டையில் விரிசல் இருந்தால் டிரைவில் போடவே வேண்டாம். 52 எக்ஸ் டிரைவ் நிமிஷத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றும். உள்ளேயே சில்லாகிவிடும்.

சரி, எப்படியோ ஓடிவிட்டது. இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். "வாங்க வாங்க, ஓடுது!" என்று வீட்டையே கூட்டி, வரவேற்பில் யார் யார் ஒல்லியாக இருந்தார்கள் என்று ரீவைண்டு பண்ணிப் பண்ணிப் பார்க்கிறார்கள். மறுநாள் சாகக் கிடந்த டிரைவ் போய்ச் சேர்கிறது.

அப்படிச் செய்யாதீர்கள். ஓடினால் முதல் காரியம் காப்பி, பார்ப்பது அப்புறம். ஃபோல்டரை முழுசாக இழுத்துப் போட்டு நடுவில் நின்றால், ஒவ்வொரு ஃபைலாக எடுங்கள். ஒன்று அடம்பிடித்தால் அதை விட்டுவிட்டு மற்றதைக் காப்பாற்றுங்கள். டிவிடி ரொம்பவே மோசம் என்றால் 'ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ' என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வந்து கெஞ்சும். பாதி இந்த டிரைவில், மீதி வேறொரு டிரைவில் என்று சேர்த்துத் தைக்கவும் அதற்குத் தெரியும். கம்ப்யூட்டர் தெரிந்த பையனிடம் சொன்னால் செய்து தருவான். ராத்திரி முழுக்க ஓடினாலும் ஓடட்டும்.

சாயம் நாளாக நாளாக மங்குவது. வெயிலும் சூடும் அதை வேகப்படுத்தும். நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. புது லேப்டாப்புகளில் டிரைவே வருவதில்லை. ஆகவே ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று டப்பாவை மூடி வைத்தால், அப்போது தட்டும் இருக்காது, போட்டுப் பார்க்கக் கருவியும் இருக்காது.

காப்பி எடுத்ததும் ஒன்றை ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள். இன்னொன்றை பென் டிரைவில் போட்டு மச்சினன் வீட்டில் கொடுத்து வையுங்கள். அங்கே போன எந்தப் பொருளும் இதுவரை திரும்பி வந்ததில்லைதான். ஆனால் பத்திரமாக இருக்கும்!