வேம்பின் வெற்றி வயலுக்கு வரட்டும்

2005 மார்ச் 8 அன்று, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் ஒரு தீர்ப்பை வழங்கியது. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்களின் பூஞ்சை நோய்களைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, டபிள்யூ.ஆர். கிரேஸ் என்ற பன்னாட்டு நிறுவனமும் அமெரிக்க வேளாண்துறையும் பெற்றிருந்த காப்புரிமை செல்லாது என்பது அன்று இறுதியாயிற்று. இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த வெற்றி நமது உழவரின் தெளிப்பானுக்குள் வந்து சேர்ந்திருக்கிறதா என்று கேட்க வேண்டிய நேரம் இது.

அந்தப் போராட்டத்தின் பாடம் முதன்மையானது. 1994இல் வழங்கப்பட்ட காப்புரிமையை, 1995இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பசுமைக் குழுவும், இயற்கை விவசாய இயக்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பும், வந்தனா சிவாவும் எதிர்த்தனர். 2000 மே மாதத்தில் காப்புரிமை ரத்தானது. அதை வீழ்த்தியது பழம்பெருமைப் பேச்சு அன்று. வேப்பெண்ணெய்த் தயாரிப்பில் ஈடுபட்டிருந்த அபய் பட்கே என்ற இந்தியத் தொழிற்சாலை உரிமையாளர், 1985, 1986ஆம் ஆண்டுகளில் மகாராஷ்டிர விவசாயிகளின் வயல்களில் நடந்த சோதனைகளுக்குச் சாட்சியம் அளித்தார். நிறுவனம் “கண்டுபிடித்ததாக” உரிமை கோருவதற்கு முன்பே அந்த அறிவு நமது வயலில் புழங்கியது என்பது இவ்வாறுதான் நிலைநாட்டப்பட்டது. வேதகாலத்திலேயே எல்லாம் இருந்தது என்று முழங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். மக்களின் அறிவைக் காப்பாற்றுவது புராணம் அல்ல. சோதனையும் ஆதாரமும் போராட்டமும்தான்.

எதிர்க்கும் உரிமை இருந்ததால்தான் எதிர்க்க முடிந்தது. இந்தியாவில் அந்த உரிமை எளிதில் கிடைத்ததன்று. ட்ரிப்ஸ் ஒப்பந்தத்துக்கு ஏற்ப 2005இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பே எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கும் வழியை வலுவாகப் பாதுகாத்ததில் இடதுசாரிக் கட்சிகளின் அழுத்தம் முக்கியப் பங்கு வகித்தது. மரபறிவுக்குக் காப்புரிமை கிடையாது என்ற விதியும் சட்டத்தில் உள்ளது. ஆனால் 2024 மார்ச்சில், ஐரோப்பியச் சுதந்திர வர்த்தகக் கூட்டமைப்பு நாடுகளுடன் ஒப்பந்தம் கையெழுத்தான அதே மாதத்தில், மோடி அரசு காப்புரிமை விதிகளைத் திருத்தியது. எதிர்ப்பு மனு ஏற்கத்தக்கதா என்பதைக் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் முதலில் முடிவு செய்வார். மனுவுக்குக் கட்டணமும் கட்ட வேண்டும். பெரும் நிறுவனத்துக்கு அது சில்லறைக் காசு. விவசாய சங்கத்துக்கும் நோயாளிகள் அமைப்புக்கும் அது தடுப்புச்சுவர்.

உரிமை ஒருபுறமிருக்க, வயலில் நிலைமை என்ன? திராட்சை, பட்டாணி, வெள்ளரிக் கொடிகளைச் சாம்பல் நோய் தாக்குகிறது. ரோஜாச் செடியைக் கரும்புள்ளி நோய் தாக்குகிறது. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது இரசாயனப் பூஞ்சைக்கொல்லியைத்தான். 2020 மே மாதத்தில் மத்திய அரசு 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ய வரைவு ஆணை வெளியிட்டது. மான்கோசெப், கார்பென்டசிம், காப்டன், திரம் ஆகிய பூஞ்சைக்கொல்லிகளும் அதில் இருந்தன. உற்பத்தியாளர்கள் எதிர்த்தனர். 2023இல் இறுதியாகத் தடைக்கு உள்ளானவை ஒரு சிலவே. இந்தத் தாமதத்தின் விலையைச் செலுத்துவது தெளிப்பானைத் தோளில் சுமக்கும் விவசாயத் தொழிலாளி. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பூச்சிமருந்து தெளித்தபோது நஞ்சு ஏறி 20க்கும் மேற்பட்டோர் மாண்டதை மறக்க முடியுமா?

தாவரப் பூஞ்சைக்கொல்லி மந்திரமும் அல்ல. வேப்பெண்ணெய் நீரில் கரையாது. சோப்புக் கரைசல் போன்ற ஒன்றைச் சேர்த்தே தெளிக்க வேண்டும். வெயிலில் சிதையும், மழையில் கழுவிப் போகும். எனவே திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். நோய் முற்றிய பிறகு தெளித்தால் பலன் குறைவு. தொடக்கத்திலேயே தெளிக்க வேண்டும். எந்தப் பயிருக்கு, எந்த அளவில், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை ஆய்வுதான் சொல்ல வேண்டும். அதைச் சிறு விவசாயியிடம் கொண்டுசெல்ல வேளாண் விரிவாக்க ஊழியர் வேண்டும். இவை இல்லாத இடத்தில் மருந்துக்கடையே வேளாண் அலுவலகமாகிறது. போலி “இயற்கை” மருந்துகளும் அங்கேதான் விற்பனையாகின்றன.

2024 நவம்பரில் ரூ. 2,481 கோடியில் தேசிய இயற்கை வேளாண்மை இயக்கம் அறிவிக்கப்பட்டது. ஒரு கோடி விவசாயிகள், 10,000 உயிர் இடுபொருள் மையங்கள் என்பது இலக்கு. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு விவசாயிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவு. பல்கலைக்கழகங்களில் காலியிடங்களை நிரப்பாமல், விரிவாக்கப் பணியை வலுப்படுத்தாமல், விளைச்சல் குறைந்தால் இழப்பீடும் தராமல் “இயற்கைக்குத் திரும்பு” என்பது, அரசு தன் பொறுப்பை விவசாயியின் தலையில் கட்டுவதாகும்.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. அபாயகரமான பூஞ்சைக்கொல்லிகள் மீதான தடை தாமதமின்றி நிறைவேற வேண்டும். தாவர மருந்துகளின் ஆய்வு பொதுத்துறையில், பொதுநிதியில் நடந்து, முடிவுகள் அனைவருக்கும் உரியனவாக வேண்டும். வேப்பங்கொட்டை பொறுக்கும் பெண்களுக்கு நியாய விலையும், கூட்டுறவு உற்பத்திக்கு எளிய பதிவு முறையும், இலவசத் தரப்பரிசோதனையும் வேண்டும். தெளிப்போருக்குப் பாதுகாப்பு உடையும் மருத்துவமும் உறுதி செய்யப்பட வேண்டும். 2024ஆம் ஆண்டின் காப்புரிமை விதித் திருத்தம் திரும்பப் பெறப்பட வேண்டும்.

ஐரோப்பாவில் வேம்பை மீட்டோம். அந்த வேம்பு ஏழை உழவருக்குப் பயன்படும் நாளில்தான் மீட்பு முழுமையடையும். விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இக்கோரிக்கைகளைக் கிராமந்தோறும் கொண்டுசெல்லட்டும்.