நகரம் எங்கே முடிகிறது?



ஒரு நகரத்தைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும்? கொழுந்து நிறுவையில் வெட்டு, சம்பளத்தில் பாக்கி என்று ஆயிரம் பிரச்சினை இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். நாங்கள் இதையும் தொழிற்சங்க வேலையாகவே பார்க்கிறோம். காரணத்தைச் சொல்கிறோம்.

விக்கிப்பீடியா 2001 இல் ஆங்கிலத்திலும் 2003 இல் தமிழிலும் தொடங்கியது. அதில் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். "எமது நகரம்" என்று ஒப்படை கொடுத்தால், இன்று நம் பிள்ளைகள் முதலில் கைத்தொலைபேசியைத்தான் திறக்கிறார்கள். வெளியூர்ப் பத்திரிகையாளரும் சுற்றுலா வழிகாட்டியும் அரச உத்தியோகத்தரும் அங்கேதான் பார்க்கிறார்கள். அதில் இல்லாதது நடக்கவே இல்லை என்று ஆகிவிடுகிறது.

தலவாக்கலையை எடுத்துக்கொள்வோம். பதிவு எழுத உட்காரும் எவரும் முதலில் எழுதக்கூடியவை நமக்குத் தெரியும்: புகையிரத நிலையம், சென் கிளயார் நீர்வீழ்ச்சி, சென் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம், 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டம். எல்லாம் உண்மை, எல்லாம் இருக்க வேண்டும். ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் அது ஆட்கள் இல்லாத ஊரின் பதிவு.

அடுத்து சனத்தொகையை எழுதுவார்கள். எந்த எல்லைக்குள் எண்ணிய தொகை? தலவாக்கலை - லிந்துலை நகரசபையின் எல்லை ஓரிடத்தில் முடிகிறது. அதற்கு அப்பால் மலை மலையாகத் தோட்டங்கள். சம்பள நாளிலும் தீபாவளிக்கு முதல் வாரத்திலும் கடைவீதியை நிரப்புகிறவர்களில் பெரும்பாலோர் அந்த எல்லைக்கு வெளியே லயத்தில் வாழ்பவர்கள். கடையும் பஸ்ஸும் அடகுக்கடையும் அவர்களை நம்பித்தான் இருக்கின்றன. நகரசபை எல்லைக்குள் உள்ள தொகையை மட்டும் போட்டால் கணக்குப் பிழையில்லை, ஆனால் நகரம் பிழை. ஆகவே அந்தத் தொகைக்குப் பக்கத்திலேயே, இது தோட்டங்களைச் சேர்க்காத எண் என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

எல்லைக் கோடு என்ன செய்யும் என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. நாமும் வாக்களித்துத் தெரிவு செய்த சபை, நம் லயத்துப் பாதைக்கு ஒரு லோட் கல் போட முடியாமல் நின்றது. 2018 இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது.

இரண்டு விடயங்கள் அவசியம் இடம்பெற வேண்டும் என்று நாங்கள் சொல்கிறோம்.

ஒன்று, 1947 தேர்தல். தலவாக்கலைத் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரசின் சி. வி. வேலுப்பிள்ளையை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மடகும்புர தோட்டத்தில் பிறந்த கவிஞர் அவர். 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அவருக்கு வாக்களித்த மக்களில் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. இதை விட்டுவிட்டு இந்தத் தொகுதியின் அரசியல் வரலாற்றை எழுத முடியாது.

இரண்டு, 1977 மே 11. 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் முயற்சிக்கு எதிரான போராட்டத்தில், டெவன் தோட்டத்தில் பொலிசார் சுட்டு சிவனு லட்சுமணன் உயிரிழந்தார். டெவன் நீர்வீழ்ச்சிக்கு இடம் இருக்கும் பக்கத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணனுக்கும் இடம் இருக்க வேண்டும்.

இனி, சேர்க்கக் கூடாதவை. இங்கே நம்மவர்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. தலைவர்களின் புகழ்மாலை வேண்டாம், நம் சங்கத் தலைவர்களுடையதும் வேண்டாம். எந்தச் சங்கம் பெரியது என்ற சண்டையை அங்கே கொண்டுபோக வேண்டாம். கடைப் பட்டியலும் திருவிழா நிகழ்ச்சி நிரலும் வேண்டாம். "இரத்தம் சிந்திய மண்" என்று எழுதினால் இன்னொருவர் அழித்துவிடுவார். என்ன நடந்தது, எந்த நாளில், எந்த இடத்தில் என்று எழுதினால் அழிப்பது கடினம். நகரம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. அங்கே கடை வைத்திருக்கும், வேலை பார்க்கும், வாழும் சிங்கள, முஸ்லிம் மக்களின் கதைக்கும் அதே பக்கத்தில் இடம் உண்டு. நம்மை விட்டுவிட்டார்கள் என்று குறைப்படுகிற நாம் இன்னொருவரை விட்டுவிடலாமா?

நம்பகமான வெளியீட்டின் ஆதாரம் இல்லாத செய்தி விக்கிப்பீடியாவில் நிற்காது. அப்பாயி சொன்னது, பெரட்டுக்களத்தில் கேட்டது எல்லாம் நமக்கு உண்மை, அவர்களுக்கு ஆதாரமில்லை. இந்த விதி நமக்குப் பாரமானது. எழுத்தறிவும் அச்சகமும் எட்டாதவர்களின் வரலாறு ஆதாரம் குறைந்ததாகத்தான் இருக்கும். துரைமாருக்குப் பெரிய புத்தகங்கள் உண்டு, நமக்கு ட்ரங்குப் பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதங்கள்தான் உண்டு. ஆனாலும் விதியைத் திட்டிப் பயனில்லை. காகிதத்தைத் தேட வேண்டும்.

தேடினால் கிடைக்கும். பாடசாலைப் பொன்விழா மலர், கோயில் கும்பாபிஷேக மலர், பழைய பத்திரிகை நறுக்கு, போராட்டத் துண்டுப்பிரசுரம், சங்கத்தின் பழைய இதழ்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் என்ற மின்னூலகம் இலங்கைத் தமிழ் வெளியீடுகளை ஸ்கேன் செய்து எல்லோரும் பார்க்க வைக்கிறது. சங்கம் சம்பந்தப்பட்ட விடயத்துக்குச் சங்க இதழ் மட்டும் போதாது, வேறொரு சாட்சியும் வேண்டும் என்பதையும் நினைவில் வைப்போம். பெரியவர்கள் சொல்வதையும் இப்போதே பதிந்து, ஊரும் திகதியும் போட்டு, நூலாகவோ மலராகவோ அச்சிட வேண்டும். இன்று வெளியிட்டால்தான் நாளைக்கு ஆதாரம்.

சம்பளப் போராட்டத்தை விட்டுவிட்டு இதைச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் வாக்கில்லை, காணியில்லை, லயத்துக்கு முகவரியில்லை என்று நாம் இழந்தவை எல்லாம் ஏதோ ஒரு பதிவில் நம் பெயர் இல்லாததிலிருந்து தொடங்கியவை. பதிவு என்பது நமக்குச் சின்ன விடயமில்லை.

எனவே தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டிலுள்ள பழைய மலர் ஒன்றையாவது, துண்டுப்பிரசுரம் ஒன்றையாவது கொண்டுவாருங்கள். படம் பிடித்துக்கொண்டு உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். தட்டச்சு செய்ய உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தலவாக்கலையில் தொடங்குவோம். ஹட்டனும் மஸ்கெலியாவும் பொகவந்தலாவையும் காத்திருக்கின்றன.