விலை பேச முடியாத செய்தி

சுவிசேஷ ஊழியம் என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது சுவரொட்டிதான். விடுதலைப் பெருவிழா, அற்புத சுகமளிக்கும் கூட்டம், வேலை கிடைக்கும், விசா கிடைக்கும், தடைபட்ட திருமணம் கைகூடும். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் இது மதத்தின் பெயரால் நடக்கும் வியாபாரம் என்றால் அவர்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. கண்ணில் பட்டதைத்தானே சொல்கிறார். நோய் தீர்வதும் வேலை கிடைப்பதும் நல்ல காரியங்கள். இயேசு நோயாளிகளைக் குணமாக்கினார் என்றுதான் நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. ஆனால் அப்போஸ்தலர்கள் ஊர் ஊராகச் சுமந்து சென்ற செய்தி வேறு. அது என்ன என்று முதலில் கேட்டுக்கொண்டால்தான், அதை அறிவிப்பது இன்று தேவையா, நியாயமா என்று பேசவே முடியும்.

அந்தச் செய்தியின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று, பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எழுதப்பட்டது ஏறத்தாழ கி.பி. 55இல்; இயேசு சிலுவையில் மரித்துக் கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. அதிலும், தனக்கு முன்பிருந்தவர்களிடம் பெற்றுக்கொண்டதையே ஒப்படைப்பதாகப் பவுல் சொல்கிறார். கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார். உடனே சாட்சிகளின் பட்டியல்: கேபா என்ற பேதுரு, பன்னிருவர், ஒரே வேளையில் 500க்கும் மேற்பட்ட சகோதரர், யாக்கோபு, அப்போஸ்தலர் எல்லாரும், கடைசியாகப் பவுல். அந்த 500 பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். வேண்டுமானால் போய்க் கேட்டுப் பாருங்கள் என்பதுபோல. இயேசு நடமாடிய நாட்களில் அவருடைய சகோதரர்களே அவரை நம்பவில்லை என்கிறது யோவான் சுவிசேஷம். யாக்கோபு அந்தச் சகோதரர்களில் ஒருவர். பவுலோ சபையைத் துன்புறுத்தியவர். இந்த இருவரையும் புரட்டிப்போட்டது எது என்பதற்கு விடை சொல்லாமல் உயிர்த்தெழுதலைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. இதனால் அது நிரூபணமாகிவிட்டது என்று நான் வாதிடவில்லை. ஆராய்ந்து ஏற்கவோ மறுக்கவோ கூடிய சாட்சியமாக அது நம்முன் வைக்கப்படுகிறது.

எல்லா மதங்களும் நல்லவனாக இரு என்றுதானே சொல்கின்றன, இதற்குத் தனி ஊழியம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. செய்தி அவ்வளவுதான் என்றால் அந்தக் கேள்வி நியாயமானதே. அறம் சொல்ல நமக்குத் திருக்குறள் இருக்கிறது. நற்செய்தி தொடங்குவது அறிவுரை கைவிட்ட இடத்தில். லூக்கா காட்டும் சிலுவைக் காட்சியில் இயேசுவுக்குப் பக்கத்தில் தொங்கும் குற்றவாளியைப் பாருங்கள். யாருக்கும் நஷ்டஈடு கொடுக்க அவனால் இறங்கி வர முடியாது. காணிக்கை போட முடியாது, ஞானஸ்நானம் பெற முடியாது, திருந்தி வாழ்ந்து காட்ட ஒரு நாள்கூட மிச்சமில்லை. தனக்குக் கிடைத்த தண்டனை நியாயம்தான் என்று ஒத்துக்கொள்கிறான். தன்னை நினைத்துக்கொள்ளும்படி கேட்கிறான். அன்றைக்கே பரதீசில் இருப்பான் என்ற வாக்கு கிடைக்கிறது. கிருபை என்பது இதுதான். அப்படியானால் என்ன வேண்டுமானாலும் செய்துவிட்டுக் கடைசியில் மன்னிப்பு வாங்கிக்கொள்ளலாமா? பவுல் காலத்திலேயே எழுந்த கேள்வி இது; கூடவே கூடாது என்பதே ரோமர் 6ஆம் அதிகாரம் தரும் பதில். ஆனால் கிருபை முதலில் வருகிறது, மாற்றம் அதைத் தொடர்கிறது. வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றது இயேசு அவன் வீட்டுக்கு வருவதற்கான நிபந்தனையாக இல்லை. அவர் அவனிடம் தங்க முன்வந்த பிறகு, அவனாகச் சொன்னது.

இன்று இது ஏன் வேண்டும் என்றால், மனிதனின் மதிப்பை நாம் எதைக் கொண்டு அளக்கிறோம் என்று பார்த்தால் போதும். பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாட்களில், பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொள்ளக் கூடாதே என்று 104 என்ற தொலைபேசி எண்ணில் ஆலோசனைக்கு ஏற்பாடு செய்யும் நிலையில் இருக்கிறோம். தோற்றுப்போன பிள்ளையிடம் தன்னம்பிக்கையோடு இரு என்பது, சுமையை மறுபடி அதன் தலையிலேயே ஏற்றுவதாகும். இன்னொரு பக்கம், என்றோ செய்த தவறு ஸ்கிரீன்ஷாட்டாக நிலைத்து நிற்கிறது; கண்டிக்க ஆயிரம் பேர், மன்னிக்க ஆளில்லை. உன் மதிப்பை நீ சம்பாதிக்க வேண்டியதில்லை, உன் குற்றத்தை மறைக்கவும் வேண்டியதில்லை என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது சிலுவை. இதை அறிந்தவர் பேசாமல் இருப்பதைப் பணிவு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

வெள்ளைக்காரன் ஆட்சியோடு வந்த மதம் என்பார்கள். ஆட்சியின் நிழலில் வளர்ந்த சபைகள் உண்டு. கோவாவில் போர்த்துக்கீசியர் நடத்திய மத விசாரணையை நியாயப்படுத்த வழியே இல்லை. ஆனால் இந்தச் செய்தி பிறந்து வளர்ந்த சூழல் அதுவல்ல. கி.பி. 112 வாக்கில் ரோம மாகாணமான பித்தினியாவை ஆண்ட பிளினி, ரோமப் பேரரசர் திராஜனுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள் என்று அதில் சொல்கிறார். உண்மையை வரவழைக்க இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததையும் எழுதுகிறார். சந்தையில் விலைபோகக்கூடிய அந்தப் பெண்கள் சபையில் ஊழியப் பொறுப்பில் இருந்தவர்கள். நம் கரையிலும் கதை அவ்வளவு நேராக இல்லை. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்குவைப் பின்னர் சில மாதங்கள் சிறையில் வைத்தவர் டேனிஷ் கோட்டையின் தளபதியேதான். ஆங்கில மிஷனரி வில்லியம் கேரி 1800இல் டேனியர் வசமிருந்த செராம்பூருக்குப் போனதும், ஆங்கிலக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை விரும்பாததால்.

ஆசை காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்பது இதைவிடக் கனமான குற்றச்சாட்டு. மதத்தைப் பரப்பும் உரிமை பற்றி 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை விவாதித்தபோது, அதன் உறுப்பினர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, தாம் சுமார் 14 ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தும் யாரும் தம்மை மாற்ற முயலவில்லை என்று சொல்லி அந்த உரிமையை ஆதரித்தார். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவில் அது இடம்பெற்றது. அந்த உரிமையில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டம் எப்படியானாலும், நற்செய்தி தன் ஊழியருக்கு விதிக்கும் தடை இதைவிடக் கடுமையானது. இலவசமாய்ப் பெற்ற கிருபையை அரிசி மூட்டையோடும் பள்ளி சீட்டோடும் சேர்த்துக் கொடுத்தால் அது கிருபையே இல்லை. யாழ்ப்பாணத் தமிழரான டி.டி. நைல்ஸ், 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபை மன்றம் தொடங்கியபோது பிரசங்கித்தவர். ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்கு அப்பம் கிடைக்கும் இடத்தைச் சொல்வதற்கு அவர் சுவிசேஷ ஊழியத்தை ஒப்பிட்டார். சொல்கிறவன் கையில் பேரம் பேச ஒன்றுமில்லை. கேட்கிறவன் போகலாம், போகாமலும் இருக்கலாம்.

எனக்குப் பதில் சொல்லக் கடினமாக இருக்கும் ஆட்சேபம் சபைக்குள்ளிருந்து எழுவது. சாதி வேறுபாட்டைச் சபைகள் அடியோடு விட வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் ஆணையிட்டார். அதை எதிர்த்தவர்களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெருங்கவிஞரும் இருந்தார். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் கழிந்தும் சில ஊர்களில் கிறிஸ்தவர்களுக்குச் சாதிவாரியாகத் தனிக் கல்லறை இருக்கிறது. அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு பந்தியில் உட்காராமல் விலகிய பேதுருவைப் பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொண்டதைக் கலாத்தியர் நிருபம் சொல்கிறது. அதை ஊர் வழக்கத்தில் நேர்ந்த சின்னப் பிசகு என்று அவர் விட்டுவிடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஒவ்வாத நடை என்றார். பேதுருவுக்கே அந்தக் கண்டிப்பு என்றால், கல்லறைக்கு நடுவே சுவர் வைத்திருக்கும் சபை சுவிசேஷத்தை இன்னும் கேட்க வேண்டிய சபை. வெளியூரில் பந்தல் போடுவதற்கு முன்னால் அங்கே போய், அந்தச் சுவரை இடிக்கச் சொல்லிப் பிரசங்கிக்க வேண்டும்.