நாற்காலியில் இருக்கும் கழுதை

தோழர்களே, 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்று ஒரு பழமொழி உண்டு. ஏரலில் நான் படித்த காலத்தில் ஒரு வாத்தியார் அதை என் முகத்துக்கு நேராகவே சொன்னார். "கழுத, ஒனக்கெல்லாம் எதுக்குல கணக்கு? வாழைத்தார் சொமக்கப் போல!" வகுப்பே சிரித்தது. எங்க பெஞ்சுப் பக்கம் வந்து ஒருநாளும் கணக்குச் சொல்லித் தராத மனுசன் அவர். கற்பூரம் கொளுத்துகிற வாசலுக்கே எங்க தாத்தாவை விடாதவங்க, எங்களுக்கு வாசனை தெரியலன்னு சொல்லுதாங்க!

பல வருசம் கழித்து ஒரு நூலகத்தில் அந்தக் கழுதையை மறுபடி பார்த்தேன். ஸ்பெயின் ஓவியர் கோயா 1799இல் வெளியிட்ட 'காப்ரிச்சோஸ்' வரிசையின் 80 அச்சுப்படங்களில் 37ஆவது அது. செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தடவி எடுத்த படம். பெரிய கழுதை ஒன்று உட்கார்ந்து குட்டிக் கழுதைக்குப் பாடம் நடத்துகிறது. புத்தகத்தில் இருப்பதோ ஒரே எழுத்து, திரும்பத் திரும்ப. 42ஆவது படத்தில் இரண்டு ஏழைகள் ஆளுக்கொரு கழுதையை முதுகில் சுமக்கிறார்கள். பாமரரின் மூடநம்பிக்கையையும் கோயா கேலி செய்தவர்தான். ஆனால் இந்த இரண்டு படங்களிலும் மடமை மேலே இருக்கிறது. சுமப்பவன் கீழே இருக்கிறான். எனக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

நம் நாட்டிலும் உண்டு. வங்காளத்துக் ககனேந்திரநாத் தாகூர் 1917இல் கல்லச்சில் கேலிப்படத் தொகுப்புகள் கொண்டுவந்தார். சாதியை மனிதரை அரைக்கும் திரிகையாகப் போட்டார். பல்கலைக்கழகத்தை இயந்திரமாகப் போட்டார். நல்லது. ஆனால் பெரிய வீட்டுப் பிள்ளைக்கு இரண்டும் வேறு வேறு படம். நமக்கு இரண்டும் ஒன்றே! 1953இல் ராஜாஜி அரசு, பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டதே, அது பள்ளிக்கூடமா, திரிகையா? எதிர்ப்பு கிளம்பி 1954இல் அதைக் கைவிட்டார்கள். திட்டம் போனது, வாழைத்தார் சுமக்கச் சொல்லும் வாய் போகவில்லை.

இப்போது நம் தோழர்களிடம் ஒரு சண்டை. எழுத்தறிவுச் சுவரொட்டி போடும்போது பெருவிரலில் மை பூசிய கிழவியை ஏன் கோமாளியாக வரைகிறீர்கள்? என் ஆத்தாளும் கைநாட்டுதான். கூலி நெல்லில் ஒரு பிடி குறைந்தாலும் கையில் வாங்கும்போதே சொல்லிருவா. அறியாமை அவள் தேடிக்கொண்டதல்ல, அவள்மேல் சுமத்தியது. சுமத்தினவனை விட்டுவிட்டுச் சுமப்பவளைப் பார்த்துச் சிரிப்பது கேலி இல்லை, அந்த வாத்தியார் வேலை.

அச்சுப்படத்துக்குப் பெரிய முதல் வேண்டாம். ஒரு துண்டு லினோலியம், ஒரு உளி, கறுப்பு மை, தேய்க்க ஒரு கரண்டி. ஒன்றைச் செதுக்கினால் நூறு சுவருக்குப் போகும். எழுத்தை மட்டும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். செதுக்குவோம், தோழர்களே! நாற்காலியில் இருக்கும் கழுதையைச் செதுக்குவோம். கைநாட்டு வைக்கிற ஆத்தாளும் பார்த்துச் சிரிக்க வேண்டும். அப்படிச் சிரித்தால்தான் அது நம்ம படம்.