செத்தவர் பேரில் பட்டா! இருப்பவர் கதி என்ன?

கூட்டுப் பட்டாவில் பேருள்ள இந்து விவசாயி உயில் எழுதாமல் இறந்தால், அவர் பங்கில் மனைவி, தாய், மகன், மகள் அனைவருக்கும் சமபாகம் என்கிறது 1956ம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டம். பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமையை 1989ல் தமிழகமும், 2005ல் மத்திய சர்க்காரும் சட்டமாக்கின.

நடப்பதென்ன? வாரிசுச் சான்றுக்கும் பெயர் மாற்றத்துக்கும் விதவை தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்கிறாள். கடன் கேட்டால் 'சிட்டா எங்கே?' என்கிறது கூட்டுறவுச் சங்கம். இந்த நெருக்கடியில்தான் வசதியுள்ள பங்காளி விடுதலைப் பத்திரத்தை நீட்டி, அற்பத் தொகைக்கு அவள் பங்கை விழுங்குகிறான்.

கிராமத்தில் சாவைப் பதிவு செய்பவரும் கிராம நிர்வாக அலுவலர். நிலக்கணக்கு வைத்திருப்பவரும் அவரே! பின் ஏன் இந்த அலைச்சல்? சாவு பதிவானதும் சர்க்காரே விசாரித்து, பெண்கள் உட்பட வாரிசுகள் அனைவர் பேரையும் பட்டாவில் ஏற்ற வேண்டுமென்று நாம் கோருகிறோம். விவசாயிகளும் மாதரும் கச்சேரி வாசலில் திரளட்டும்!