வண்டி கீழேயே நிற்கட்டும்

மூணாறிலிருந்து மறையூர் சாலையில் போனால் எரவிகுளம் தேசியப் பூங்காவின் நுழைவுச்சீட்டுக் கூடம் வருகிறது. எவ்வளவு பெரிய காரில் வந்தவரும் அங்கே இறங்கித்தான் ஆக வேண்டும். வனத்துறை வண்டியில் ராஜமலைக்குப் போய்ச் சரிவுப் பாதையில் நடந்தால், சில அடி தூரத்தில் வரையாடுகள் அஞ்சாமல் மேய்கின்றன. மேலே 2,695 மீட்டர் உயர ஆனைமுடி. பூங்காவின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். பயணிகளின் கால்படுவது அதில் ஒரு சிறு மூலையில் மட்டும்தான். அதற்கும் தினசரி ஆள்வரம்பு உண்டு. வரையாடு குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ராஜமலையை மூடியே விடுகிறார்கள்.

இதனால் மூணாறு வெறிச்சோடிவிடவில்லை. கூட்டம் இன்றும் அங்கே அலைமோதுகிறது.

தேயிலைத் தோட்டத் துரைமார் வேட்டையாடிய இந்த மலை, 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்காவானது. முதுவர் குடியினர் இதன் காவல் பணியில் இருக்கிறார்கள். கேரளம் செய்ததைத் தமிழகத்தால் ஏன் செய்ய முடியாது?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு நீதிமன்றமே எண்ணிக்கையையும் வரையறுத்தது: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. வரவேற்க வேண்டிய உத்தரவு. ஆனால் இ-பாஸ் வண்டியை எண்ணுவது மலையேறும் வழியில். சோதனைச்சாவடியைத் தாண்டிய வண்டிகள் தூண்பாறை, குணா குகை, பைன் காடு என்று ஒரே சாலையில்தான் போய் நிற்கின்றன. நெரிசலும் புகையும் குப்பையும் சேர்வது அங்கேதான். வரம்பு தேவைப்படுவதும் அங்கேதான்.

வனத்துறையின் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு காட்சிமுனைக்கும் நாளுக்கு இத்தனை பேர் என்று நிர்ணயிக்க வேண்டும். சொந்த வண்டிகளை ஊருக்குள்ளேயே நிறுத்தவைத்து, அங்கிருந்து அரசுப் பேருந்துகளை விட வேண்டும். காட்டுக்கு ஓய்வு தர ஆண்டில் சில வாரங்கள் மூட வேண்டும்.

பிழைப்பு போய்விடும் என்று விடுதிக்காரர்களும் வாடகை வண்டி ஓட்டுநர்களும் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. உள்ளூர் ஓட்டுநர்களையே இந்தச் சுற்றுப் பேருந்துகளில் பணியமர்த்தலாம். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை மலைக்கிராமங்களுக்குத் தரலாம். சாலையில் மணிக்கணக்கில் சிக்கித் தவிக்கும் பயணியால் எந்தக் கடைக்கும் ஆதாயமில்லை.

சமவெளிக்கும் இதில் பங்குண்டு. புல்வெளியும் சோலைக்காடும் மழையைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக ஓடையாக விடுகின்றன. எரவிகுளத்து ஓடைகள் சில பாம்பாற்றில் கலந்து, அமராவதி அணைக்கு வந்து, திருப்பூர், கரூர் வயல்களில் பாய்கின்றன. கொடைக்கானல் இருக்கும் பழனி மலையின் சோலைகள் கெட்டால் அடிவாரத்துக் கிணறுகளும் வாய்க்கால்களும் அதை உணரும்.

2018இல் பூத்த நீலக்குறிஞ்சி மீண்டும் பூப்பது 2030இல். அந்தப் பருவத்தில் மூணாறுக்கும் கொடைக்கானலுக்கும் திரளப்போகும் கூட்டத்தை இன்றைய ஏற்பாடுகள் தாங்கா. காட்சிமுனைகளுக்கான ஆள்வரம்பையும் பேருந்துத் திட்டத்தையும் தமிழக அரசு அடுத்த கோடைக்கு முன்பே கொடைக்கானலில் தொடங்க வேண்டும். குறைகளைக் கண்டு திருத்த 2030க்குள் சில பருவங்களாவது கையில் இருக்க வேண்டும்.